தார் போடாமல் விட்ட இடம்

விதி இதுதான்: தெருவோரச் சாக்கடையைக் கடந்து தம் வீட்டுக்கு வண்டிப்பாதை அமைக்க விரும்பும் எவரும், பாதையின் நீளம், அகலம், உபயோகிக்கப்படும் பொருள், பாதை தேவைப்படும் காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வரைபடத்துடன் மனுச் செய்ய வேண்டும். மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே கருதிக்கொள்ளலாம்.

அரசாங்கம் எழுதிய வாக்கியங்களில் எனக்குப் பிடித்தவை மிகக் குறைவு. அந்தக் கடைசி வாக்கியம் அவற்றில் ஒன்று. தூங்குகிறவர்களின் தூக்கத்துக்கும் ஒரு சட்ட மதிப்பு உண்டு என்று எழுதிவைத்தவர் யாரோ, அவர் அலுவலகங்களை நன்றாக அறிந்தவர். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். அதில் இருந்தவர்களும் என்னைப் போலப் பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் மெதுவாக நடந்துகொண்டிருப்பார்கள்.

என் எதிர்வீட்டுக்காரருக்கு நீளம், அகலம், பொருள் எதுவும் பிரச்சினையாக இல்லை. காரணத்தில்தான் வந்து நின்றுவிட்டார்.

அவர் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் ஒரு அட்டை, காதில் செருகிய பென்சில். வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பி அனுப்புவது அவர் வேலை. ஆனால் அவர் வாயிலிருந்து எந்த வண்டியைப் பற்றியும் ஒரு நேரத்தைப் பிடுங்க முடியாது.

“மதுரை வண்டி எத்தனை மணிக்குங்க?” என்று யாராவது கேட்டால், “வந்தா வந்த மாதிரி” என்பார். வண்டி கண்ணெதிரே திரும்பி உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். “அதோ வருதேய்யா!” என்பார் கேட்டவர். “வருது, வருது. நிக்கட்டும் மொதல்ல” என்பார் இவர். வண்டி நின்று, கண்டக்டர் கதவைத் திறந்து, பயணி உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுகூட, அது மதுரைக்குப் போகும் என்று இவர் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நல்லது எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் எங்கிருந்தோ ஒரு கண் திரும்பிப் பார்த்துவிடும் என்பது அவர் பயம். புதுச் சட்டை போட்டால் தோளில் ஒரு மைத்துளியைத் தானே வைத்துக்கொள்வார். வீட்டு முருங்கை சடைசடையாகக் காய்த்தபோது, “என்னமோ ரெண்டு காய் தொங்குது” என்றார். தொங்கிய காய்களின் பாரத்தில் கிளை ஒடிந்து விழுந்தது. அவர் வீட்டில் எல்லாம் சுமார், எல்லாம் பரவாயில்லை, எல்லாம் ஏதோ ஓடுகிறது. என் மனைவி சொல்வாள்: “அவருக்கு லாட்டரியில விழுந்தாலும் சீட்டைத் தொலைச்சுட்டேன்னுதான் தெருவுல சொல்லுவாரு.”

இப்படிப்பட்டவரிடம்தான் விதி ‘பாதை தேவைப்படும் காரணம்’ என்று கேட்டது.

நாங்கள் இருந்தது நாகல் நகரில். அவர் வீடு தெருவிலிருந்து உள்ளடங்கி இருந்தது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே அவருக்கே சொந்தமான நீண்ட சந்து. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த களிமண். வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதை எங்கள் ஜன்னலிலிருந்து பல ஐப்பசிகள் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சந்து முழுவதும் தார் போட வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது சித்திரை வெயில். வீட்டுக்குள் தார் ரோடு போடுவது எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் கேள்விப்படாத காரியம். மில் முதலாளிகள் பங்களாவில் போடுவார்கள். நான் அப்போது வேறொரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மனு எழுதுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. பேனாவைத் திறந்துகொண்டு, “காரணம்?” என்றேன்.

“சும்மா ஒரு பாதை சார்.”

“சும்மா என்று எழுத முடியாது.”

“தண்ணி தேங்குதுன்னு போடுங்களேன்.”

“தண்ணீர் தேங்குது என்றால் அது பத்தோடு பதினொன்றாகக் கோப்புக் கட்டில் போய் உட்காரும். அவசரம் என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்க. நோயாளி, வயசானவங்க, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவங்க…”

அவர் ஜன்னல் வழியாக எதிரே தம் வீட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் சமையலறைக் கதவைப் பார்த்தார். “தண்ணி தேங்குதுன்னே போடுங்க சார்” என்றார்.

அவர் போனபின் சமையலறைக் கதவு திறந்தது. “அவரு வீட்டுக்காரி முழுகாம இருக்கா” என்றாள் என் மனைவி. “அவரு சொல்லமாட்டாரு. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீக.”

முந்தைய தடவை எனக்கும் நினைவிருந்தது. அந்தத் தடவை அவர் இப்படி இல்லை. பஸ் நிலையத்தில் அத்தனை டிரைவர் கண்டக்டர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வளைகாப்புக்குத் தெருவையே அழைத்தார். கார்த்திகை மழையில் அவளுக்கு வலி வந்தபோது டாக்சி தெருவிலேயே நின்றுவிட்டது. பெஞ்சில் உட்காரவைத்து நான்கு பேர் களிமண்ணில் தூக்கி வந்தார்கள். ஒருவர் சறுக்கினார். பெஞ்சு சாய்ந்தது. குழந்தை தங்கவில்லை. அதனால்தான் அவர் இப்படி ஆனார் என்று நான் முடிவு கட்டவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, மனு தண்ணீர் தேங்கும் மனுவாகவே போயிற்று. பதிவு எண் வாங்கிக் கொடுத்தேன். முப்பது நாள் கழிந்தது. பதில் இல்லை. நான் விதியின் கடைசி வாக்கியத்தை அவருக்குப் படித்துக் காட்டி, “இனி நீங்க தாராளமா ஆரம்பிக்கலாம்” என்றேன்.

“பதிலே வரலையே சார்?”

“வராததுதான் பதில்.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கம் தம்முடைய மொழியில் பேசுகிறது என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஆடி போகட்டும் என்று காத்திருந்தார். ஆவணியில் ஆள் கூட்டி வந்தார்.

பழனி சாலையில் வேலை முடித்துக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். களிமண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள். பெரிய கல் அடுக்கினார்கள். அதன்மேல் ஜல்லி, அதன்மேல் செம்மண் சரளை. தண்ணீர் விட்டு விட்டு, கேட்டுக்குள் நுழைகிற சின்ன உருளையை ஆட்களே இழுத்து அழுத்தினார்கள். நடுவில் லேசாக மேடு, இரண்டு ஓரமும் சரிவு. கடைசியில் பீப்பாயின் அடியில் விறகு எரிந்தது. காலில் சாக்குக் கட்டிக்கொண்ட பெண்கள் வாளியில் கொதிக்கும் தாரை எடுத்து ஊற்றிப் போனார்கள். பின்னால் பொடி ஜல்லி தூவி மறுபடி உருளை.

இவர் என்ன செய்தார்? கேட்டில் சாக்குப் படுதா கட்டித் தெருவுக்கு மறைத்தார். தார் வாசனைக்கு எந்தச் சாக்கைக் கட்டுவது? தெரு முழுக்க வந்து எட்டிப் பார்த்தது.

“ஏனுங்க, கண்ணாடியாட்ட வந்துருச்சுங்க பாதை!” என்றார் மேஸ்திரி.

“அப்படியெல்லாம் சொல்லாதீக!” என்று பதறினார் இவர். “ஏதோ சுமாரா இருக்கு.”

“சுமாருங்களா? எங்க கைவேலைய சுமாருன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க.”

வேலை கேட்டை நெருங்கியது. கேட்டுக்கு வெளியே, சாக்கடைமேல் போட்ட கல்பலகை வரை ஒரு கார் நீளம்கூட இல்லாத துண்டு நிலம் பாக்கி. அங்கே இவர் கையை நீட்டி மறித்தார்.

“போதும். இது கெடக்கட்டும்.”

“என்னங்க கெடக்கட்டும்? தோண்டக்கூட விடமாட்டேங்குறீங்க. சட்டை தெச்சுட்டு காலரை விட்டுட்ட மாதிரி இருக்குதுங்க.”

“இருக்கட்டும் மேஸ்திரி. அது அப்படியே மண்ணாவே கெடக்கட்டும்.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அழகான குழந்தையின் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு வைப்பதுபோல, நிறைவான பொருளில் ஒரு குறையை நாமே வைத்துவிட்டால் ஊர்க்கண் அந்தக் குறையிலேயே தங்கிவிடும். கறுப்பான பாதைக்கு எந்த நிறத்தில் பொட்டு வைப்பது? மண் நிறத்தில் வைத்தார். தெருவிலிருந்து பார்ப்பவனுக்கு முதலில் தெரிவது பழைய களிமண்தான். ‘அட, இவ்வளவுதானா’ என்று போய்விடுவான்.

சாலை வேலைக்கான எந்தக் கையேட்டிலும் இந்தப் பிரிவு கிடையாது.

அதன் பிறகு அவர் அந்தப் பாதைக்கு ஊழியம் செய்யத் தொடங்கினார். மேஸ்திரி போகும்போது சொல்லிவிட்டுப் போனவை சில: மண்ணெண்ணெய், டீசல் சொட்டக்கூடாது, தார் இளகிவிடும். தண்ணீர் தேங்கக்கூடாது. வெடிப்பு கண்டால் மழைக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். இவர் இவற்றோடு நிற்கவில்லை. மண்ணெண்ணெய் வண்டிக்காரர் கேட்டுப் பக்கமே வரக்கூடாது. வெயிலில் சைக்கிள் ஸ்டாண்டு குத்திப் பள்ளம் விழும் என்று ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் நிறுத்தினார். மனைவியை ஓரமாக நடக்கச் சொன்னார். பளபளப்பு போகட்டும் என்று மேலே செம்மண்ணைத் தூவினார். தூவியதை மறுநாள் அவரே கூட்டினார், சரிவில் அடைத்துக்கொள்ளுமோ என்று.

புரட்டாசியில் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பாதையின் நடுவில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு.

“உள்ள தண்ணி எறங்கிரும்ல சார்? களி ஊதிக்கிட்டு மேல வந்துரும்ல?”

“இதில் எறும்புகூட இறங்காது.”

“நீங்க சொல்லுவீக.”

மேஸ்திரி விட்டுப்போன தார்க்கட்டியை டால்டா டப்பாவில் போட்டு அடுப்பில் இளக்கினோம். அவர் குந்தி உட்கார்ந்து, வெடிப்பின் நெடுகிலும் கரண்டியால் ஊற்றிக்கொண்டே போனார். தலையை நிமிர்த்தாமல், அந்த வெடிப்பிடம் சொல்வது மாதிரி சொன்னார்:

“அன்னைக்கு ஒரு நாளு, செத்த நேரம், வண்டி வீட்டு வாசப்படிக்கிட்ட வந்து நிக்கணும் சார். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் இது என்னமும் ஆகிட்டுப் போகட்டும்.”

அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

திண்டுக்கல் தனி மாவட்டமான வருடம் அது. அலுவலகங்கள் கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. ஐப்பசியில் வானம் அடைத்துக்கொண்டது. காலையில் தூறல், மத்தியானம் கனத்த மழை, சாயங்காலம் மறுபடி தூறல். அவர் வேலைக்குப் போகுமுன் பாதையை ஒரு தடவை நடந்து பார்ப்பார், கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திக்கொண்டு. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. பாதை அசையவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். கார் சத்தம் கேட்டால் என் மனைவி ஜன்னலுக்குப் போவாள்.

ஒரு பிற்பகல் அவள் ஜன்னலில் நிற்கும்போதே டாக்சி வந்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் அவர். பஸ் நிலையத்திலிருந்தே பிடித்து வந்திருந்தார், கழுத்தில் விசிலோடு. டிரைவர் உள்ளே நீளமான தார்ப்பாதையைப் பார்த்துவிட்டு, தாராளமாகக் கல்பலகைமேல் ஏற்றித் திருப்பினார். முன்சக்கரம் இரண்டும் பலகையைத் தாண்டி இறங்கின. இறங்கிய இடத்திலேயே அமிழ்ந்தன.

பாதையில் அவர் தொட்டுப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

எஞ்சின் உறுமியது. சேறு எங்கள் சுவர் வரை தெறித்தது. வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“என்னய்யா இது?” டிரைவர் கதவைத் திறந்து கத்தினார். “உள்ள ஹைவே போட்டு வச்சுருக்கீக, வாசல்ல யானை பிடிக்கவா குழி வெட்டி வச்சுருக்கீக?”

“கண்ணு… கண்ணு பட்டுரக்கூடாதுன்னு…”

“யாரு கண்ணு? எனக்கு ரெண்டு இருந்தும் தெரியலையேய்யா!”

அவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. மழையில் மண்டியிட்டுச் சக்கரத்தின் முன்னால் இருந்த களிமண்ணை வெறுங்கையால் அள்ளி எறிந்தார். அள்ள அள்ள நிரம்பியது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரோ பழைய சாக்கு, யாரோ செங்கல். வேலி ஓரம் கிடந்த மிச்ச ஜல்லியை நான் கூடையில் அள்ளிப் போட்டேன்.

அதற்குள் அவர் மனைவி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கை என் மனைவியின் தோளில். குடை இருவருக்கும் போதவில்லை. மழை கொட்டியது. ஆனால் காலடியில் சேறு இல்லை, வழுக்கல் இல்லை. பாதையின் நட்டநடுவில் நடந்து வந்தாள். கேட்டருகே நின்று, வலி ஒன்று வந்து போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இத்தன நாளும் ஓரமா நட, ஓரமா நடன்னாரு. இன்னைக்குத்தான் நடுவுல நடக்குறேன்.”

“பேசாம நில்லு தாயி” என்றாள் என் மனைவி.

எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். சாக்கும் ஜல்லியும் பிடி கொடுத்து, வண்டி பின்வாக்கில் துள்ளித் தெருவுக்கு ஏறியது. சைக்கிள் நிறுத்தும் பலகையைக் கொண்டுவந்து களிமண்மேல் போட்டார்கள். அதில் அவளை நடத்தி ஏற்றினோம். அவர் முழங்கை வரை சேற்றோடு முன்சீட்டில் ஏறினார். கதவைச் சாத்துமுன் தலையை வெளியே நீட்டி, வண்டியைத் தள்ளிய அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“சார், யாருகிட்டயும் ஒன்னும் சொல்லிக்க வேணாம்.”

டாக்சி மதுரைக்குப் போயிற்று.

அதன்பின் ஒரு செய்தியும் இல்லை.

ஒரு வாரம் பொறுத்தோம். தீபாவளி வந்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. தெருப் பிள்ளைகளின் வெடிக்காகிதம் அந்தத் தார்ப்பாதைவரை பறந்து ஒட்டிக்கொண்டது. என் மனைவி பலகாரத்தில் அவர்கள் பங்கை எடுத்துவைத்து, நான்காம் நாள் வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். பஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். கம்பெனிக்கு லீவு கடிதம் வந்திருந்தது: காரணம், ‘சொந்த வேலை’. மதுரை வண்டிக் கண்டக்டர் ஒருவர், “பெரியாஸ்பத்திரி பக்கத்துல மருந்துக்கடையில பார்த்தேன் சார்” என்றார். “என்னாச்சுன்னு கேட்டேன். ‘இருக்கோம்’னாரு. அம்புட்டுத்தான்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். “இருக்கோம்னா யாரு யாரு?” என்றாள் மனைவி. அந்தக் கேள்வியோடு நாங்கள் பல நாள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

“நேரா போய்ப் பார்த்துட்டு வந்துரட்டுமா?” என்றேன்.

“போய் நின்னா, நல்லபடியா இருந்தா கண்ணு வைக்க வந்துட்டோம்னு நடுங்குவாரு. இல்லேன்னா என்னத்தச் சொல்லுவீக? வேணாம்ங்க.”

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கம்பெனியில் அவருடைய மச்சினரின் மதுரைக் கடை விலாசம் கிடைத்தது. பதிலுக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி அனுப்பும் தந்தி என்று ஒன்று அப்போது உண்டு. பெறுகிறவர் பதில் எழுதிக் கொடுத்தால் போதும். அதை அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருவில் நின்றேன். எத்தனையோ மனுதாரர்களை நான் அப்படி நிற்கவைத்திருக்கிறேன்.

அலுவலகத்தின் மௌனத்துக்குப் பொருள் சொல்ல விதி இருந்தது. ஒரு மனிதரின் மௌனத்துக்கு இல்லை. அதிலும் இவர் நல்லது நடந்தாலும் பேசாதவர். கெட்டது நடந்தால் பேசமுடியாதவர். இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே பூட்டுத்தான். சில நாள் அந்தப் பூட்டைப் பார்த்துச் சம்மதம் என்று சொல்லிக்கொள்வேன். சில நாள் அந்தப் பக்கம் பார்க்காமலே ஆபீசுக்குப் போவேன்.

கார்த்திகை தீபத்தன்று என் மனைவி அவர்கள் பாதையின் இரண்டு ஓரமும் அகல் வைத்தாள். மழை விட்டிருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். “பார்க்கட்டும்” என்றாள்.

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிப்பதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். படித்தேன்.

‘நாளை மூன்று பேர் காரில் வருகிறோம். கேட்டுக்கு முன்னால் ஜல்லி கொட்டி வைக்கவும்.’

“மூணு பேரா?” என்றாள்.

முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்கு அவ்வளவு சுலபத்தில் நம்பிக்கை வந்துவிடாது. “அவர், அவ… மச்சினரும் கூட வரலாமில்லையா?” என்றேன்.

அவள் தந்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“மச்சினரு வாரதுக்கா அந்த மனுசன் ஜல்லி கொட்டச் சொல்லுவாரு? கூடையை எடுங்க.”

தந்தியின் மேல் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. என் தந்தி போய் இன்னும் முப்பது நாள் ஆகவில்லை.